பதினொரு மணிச் சர்க்கரை

நாள் முழுக்கச் சர்க்கரையில் பூ செய்கிறவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு 'ஐயோ பாவம்' என்றார்கள். சிரித்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்த 'ஐயோ பாவம்'தான் எரிச்சலைக் கிளப்பியது.

நான் வேலை பார்ப்பது ஒரு கேக் கடையில். முன்னால் கண்ணாடிப் பெட்டிகளும் கேஷ் கவுண்டரும், பின்னால் அடுப்பறை. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஏசி ஓடும் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் என் ராஜ்ஜியம். பிசைந்த சர்க்கரை மாவைக் காகிதம் போல மெலிதாகத் தேய்த்து, இதழ் இதழாக வெட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி நெளித்து, கம்பியில் சுற்றி ரோஜாவாக்குவேன். கல்யாண கேக்கின் உச்சியில் நான் வைத்த பூவை நிஜமென்று நினைத்து மோந்து பார்த்தவர்கள் உண்டு. கடையில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. பூக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் முதலாளியம்மா. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம்.

அக்கா ஓயாமல் பேசுவார், பேசிப் பேசித் தொண்டை வறண்டு ஓயாமல் தண்ணீர் குடிப்பார், எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம் வைத்திருப்பார். பூ அறைக்கு அவர் போட்ட முதல் சட்டம், ஈரக் கையோடு உள்ளே வரக் கூடாது. ஒரு துளி தண்ணீர் பட்டால் இதழில் ஓட்டை விழும். வெண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் கறை படியும். காலையில் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனால், மதியச் சாப்பாடு வரை நான் குழாய்ப் பக்கமே போவதில்லை. மாவு ஒட்டினால் விரல்களில் மாவு போல அரைத்த ஐசிங் சர்க்கரையைத் தூவிக்கொள்வேன், உலர்ந்த துணியில் துடைத்துக்கொள்வேன். வேலை அதன் பாட்டுக்கு நடக்கும்.

வியாதி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா சொன்ன அன்று அழுதேன். மறுநாளும் கொஞ்சம் அழுதேன். அதற்கடுத்த நாள் அந்தச் சின்ன மிஷின் வீட்டுக்கு வந்தது, அழுகை நின்றுவிட்டது. விரலில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு துளி ரத்தம், கண்மூடித் திறப்பதற்குள் திரையில் ஒரு எண். இத்தனை வருஷமாக என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்போது எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்துவிட்டது. எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அடி வாங்கியவள் நான்.

வீட்டுக்காரருக்கும் இது பிடித்துப்போயிற்று. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பழுது பார்க்கும் கண்ணோடுதான் பார்ப்பார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. அதன்படியே செய்தோம். ஒரு நாள் காலையில் வெறும் ரொட்டி, மறுநாள் அதே ரொட்டியோடு முட்டையும் வேகவைத்த பீன்ஸும். ஒரு நாள் சாப்பிட்டதும் டிவி முன்னால், மறுநாள் சாப்பிட்டதும் தெருவைச் சுற்றி நடை. உருளைக்கிழங்கு என்னைக் கவிழ்க்கப் பார்க்கும் துரோகி என்று கண்டுபிடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அவரோடு வாயடித்துக்கொண்டு நடந்துவிட்டு வந்தால் மறுநாள் காலை எண் சொன்ன பேச்சைக் கேட்டது. எண் குறையக் குறைய எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. காலையில் கண் விழித்ததும் முதல் யோசனையே, இன்றைக்கு என்ன காட்டும் என்பதுதான்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா பாராட்டினார். இனிமேல் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். கணக்குப் போட்டால் அது பதினொரு மணி, நான் கடையில் இருக்கும் நேரம். வெளியே வரும்போது நர்ஸ், கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தானே குத்திப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். என் கையைவிடச் சுத்தமான கை இந்த ஊரிலேயே கிடையாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள் பதினொரு மணிக்கு மிஷின் காட்டியது இருநூற்று அறுபத்தெட்டு.

காலையில் வெறும் வயிற்றில் நூற்றுப் பத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். சாப்பிட்டதும் முட்டையும் பீன்ஸும்தான். மறுநாள் இருநூற்று எண்பத்தொன்று. அதற்கு மறுநாள் கொஞ்சம் இறங்கி, பிறகு இன்னும் ஏறி. வார லீவில் வீட்டில் இருந்தபோது அதே சாப்பாடு, அதே பதினொரு மணி, நூற்று முப்பது. கடைக்கு வந்தால் மறுபடி ஏறுகிறது. என் ரத்தத்துக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது எப்படித் தெரிகிறது? பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் பயத்தைவிட அதிசயம்தான் அதிகம்.

அக்கா ஒரே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூ அறையின் காற்றிலேயே சர்க்கரை பறக்கிறதாம், நான் அதைத்தான் நாள் முழுக்க மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறேனாம். சரி, பார்த்துவிடலாம் என்று மூக்கையும் வாயையும் மூடி முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்தேன். எண் அசையவில்லை. டென்ஷன் இருந்தாலும் சர்க்கரை ஏறும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கடையில் எனக்கு இருக்கும் ஒரே டென்ஷன் அக்காதான். அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்ட இரண்டு நாளும் கடை கோயில் போல அமைதியாக இருந்தது, எண் மட்டும் அப்படியே இருந்தது. அடுப்பறைச் சூட்டில் மிஷின் கெட்டிருக்கும் என்று வீட்டுக்காரர் சந்தேகப்பட்டு, ராத்திரி வீட்டில் தன் விரலிலும் என் விரலிலும் குத்திப் பார்த்தார். மிஷின் ஒழுங்காகத்தான் இருந்தது. பஸ்ஸில் இடிபட்டு வருவதாலோ என்று நினைத்து, லீவு நாளில் சும்மாவே பஸ் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்து பார்த்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்ததுதான் மிச்சம்.

மிஷின் நல்லது, காற்று நல்லது, பஸ் நல்லது, அக்காகூட நல்லவர் என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்த சந்தேகம் ஒன்றுதான். அது நான்.

யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் கேக் துணுக்குகள் இருக்கும் தட்டைத் தாண்டிப் போனால் அடுப்பறையில் பேச்சு நின்றது. அக்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கையில் இருக்கிற பெரிய கல்யாண ஆர்டர் முடிந்ததும் நான் கேஷுக்குப் போய்விடலாம் என்றார். பூ மேஜைக்கு வேறு ஆள் பார்த்தாயிற்றாம். எல்லாம் என் நல்லதுக்குத்தானாம். உட்கார்ந்த வேலை, காற்றோட்டமான இடம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த மேஜையில் நான் உட்கார ஆரம்பித்தபோது எனக்கு ஒரு இதழ்கூட ஒழுங்காக வராது. இன்றைக்கு என் விரல்களுக்கு வேறெதுவும் தெரியாது. பில் போட்டுச் சில்லறை கொடுக்க என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் போனில் எண்களைச் சொன்னேன். இப்படியே போனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட் எடுத்ததும் இன்சுலின் ஊசி பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். ஊசி போட்டுக்கொள்வது குற்றமில்லை, தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எதற்கு என்றே புரியாமல் போட்டுக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் நடக்கப் போனபோது வீட்டுக்காரர் வழக்கம் போலக் கேலி பேசவில்லை. தெருமுனையில் நின்றார். பிறகு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்கிட்ட மறைக்காம சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். நான் ஒன்றும் தின்னவில்லை என்று சொன்னேன். சரி என்றார். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. தின்னாமலே திருடிப் பட்டம் கிடைத்தாயிற்று, இனி தின்றால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஒரு வெறி வந்தது. பதினொரு மணிக்கு நேராக அடுப்பறைக்குப் போனேன். மேஜையில் ருசி பார்க்க வெட்டிய கிரீம் கேக் இருந்தது. ஸ்பூன்கூடத் தேடாமல் கையால் ஒரு பெரிய துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் பாதியிலேயே கண் கலங்கிவிட்டது. விரலெல்லாம் வெண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்குக் கையோடு பூ அறைக்குள் போகக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறிப்போனதால், அழுதுகொண்டே சோப்புப் போட்டுக் கழுவினேன், துடைத்தேன். அப்படியே நின்று மிஷினை எடுத்துக் குத்தினேன்.

நூற்று முப்பத்திரண்டு.

தின்றது இன்னும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் தின்பதற்கு முன்பே இருநூற்று எழுபது, எண்பது என்று இருந்திருக்க வேண்டுமே? அது எங்கே போயிற்று? மேஜைக்குத் திரும்பப் பிடிக்காமல் பின்பக்கம் உட்கார்ந்து ஆர்டர் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. கேக் தன் வேலையைக் காட்டியிருந்தது. இருந்தாலும், தின்ற அன்றைக்கு வந்த எண், தின்னாத நாட்களில் வந்ததைவிடக் குறைவு. அழுகை போன இடம் தெரியவில்லை. தலைக்குள் பழைய நமைச்சல் திரும்பிவிட்டது.

இதை வீட்டில் சொல்லவில்லை. கேக் தின்றால் சர்க்கரை குறைகிறது என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அடுத்த நாள் எப்போதும் போல மேஜையில் உட்கார்ந்து இதழ் நெளித்தேன். பதினொரு மணிக்கு உலர்ந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு குத்தினேன். இருநூற்று எழுபத்து நான்கு. பழையபடி. ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது, பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. விரலில் காயம் பட்டால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

இனித்தது.

ஐயோ, ரத்தமே இனிக்கிற அளவுக்கு முற்றிவிட்டதா என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நின்றுவிட்டது. பிறகு, எதையும் சும்மா விடாத புத்தி இருக்கிறதே, குத்தாத பக்கத்து விரலையும் வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னது. அதுவும் இனித்தது. கட்டை விரலும் இனித்தது. இன்னொரு கையின் விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அந்த நேரம் யாராவது உள்ளே வந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டு, இரண்டு தரம் கழுவி, துடைத்து, இன்னொரு விரலில் குத்தினேன். நூற்று இருபத்தாறு.

ஒரே உடம்பு, ஒரே ரத்தம், நடுவில் ஒரு சோப்பு. துணியில் துடைத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாவுதான் போகும். தெரியாத சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு, வெளியே வரும் அந்தச் சொட்டு ரத்தத்தில் கரைந்துவிடும். மிஷின் பாவம், என்னையும் என் தொழிலையும் சேர்த்து அளந்திருக்கிறது. கை கழுவினீர்களா என்று நர்ஸ் கேட்டாரே, அப்போதே கேட்டாரே. நான் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு எண்ணெய் அழுக்கு, முட்டை அழுக்கு, தூசி அழுக்கு. சர்க்கரையை அழுக்கென்று யார் நினைப்பார்கள்? பூ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், அடக்கி வைத்திருந்த கோபம் வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு டப்பாவில் ஐசிங் சர்க்கரை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரரிடம், இதில் கட்டி இருக்கிறது, கொஞ்சம் விரலால் நசுக்கிக் கொடுங்கள் என்று டப்பாவை நீட்டினேன். நல்ல மனுஷர், ஏன் எதற்கு என்று கேட்காமல் உட்கார்ந்து நசுக்கினார். முடிந்ததும் ஒரு துணியைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். நமக்கும் வயசாகிறது, உங்களுக்கும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று மிஷினை எடுத்தேன். விரலை நீட்டினார். முன்னூற்றுப் பன்னிரண்டு.

அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டோம் என்று வாய்க்குள் முனகினார். டீயில் அரை ஸ்பூன்தான் போட்டுக்கொண்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தேன்.

"எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. என்ன நடந்தது என்பது புரியவில்லை, என்ன செய்தோம் என்பது புரிந்துவிட்டது. குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோப்பைக் கையில் கொடுத்தேன். கழுவி வந்தபின் குத்தினேன், நூற்று ஒன்பது. பதினொரு மணிக் கதையை ஆரம்பத்திலிருந்து கேக் தின்றது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. லிஃப்ட்டுத் திரையில் ஏழு என்று காட்டினால் அதை நம்பிக் கதவைத் திறக்கும் ஆளில்லை அவர். லிஃப்ட் பெட்டி நிஜமாகவே எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார்.

"லிஃப்ட்டு காட்டுற நம்பரை நம்ப மாட்டீங்க. பொண்டாட்டி மேல வந்த நம்பரை மட்டும் அப்படியே நம்பிட்டீங்க."

அவர் கை துடைத்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "தப்புத்தான்," என்றார். நடக்கப் போனபோது தெருமுனை தாண்டும் வரை என் கையை விடவில்லை. எனக்கு மனசு லேசாகிவிட்டது, ஆனாலும் இரண்டு நாள் கோபம் போலவே நடித்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது.

வீட்டில் தீர்ந்தது, கடையில் தீரவில்லை. கல்யாண ஆர்டர் முடிந்து கேக் போய்விட்டது. அடுத்த நாள் காலை நான் கேஷில் உட்கார வேண்டும். அக்காவின் சின்ன அறைக்குப் போய், மேஜையை விட்டு என்னை எழுப்ப வேண்டாம், தப்பு என் உடம்பில் இல்லை, விரலில் இருந்தது என்று விளக்கினேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தபடியே கேட்டார். ஒருத்திக்கு ஒரே நேரத்தில் இரண்டு எண் காட்டுகிற மிஷினை எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்விதான். வேண்டுமானால் உங்கள் விரலிலேயே காட்டுகிறேன் என்றேன். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை, உடனே கையை நீட்டினார்.

விரலில் ஐசிங் சர்க்கரை தடவி, துடைத்து, புது ஊசி போட்டுக் குத்தினேன். நானூற்றைத் தாண்டியது. பார்த்தீர்களா என்றேன். இனி கழுவிவிட்டு வாருங்கள், நூறோ நூற்றிருபதோ காட்டும், அப்போது ஒத்துக்கொள்வீர்கள் என்று சவால் விட்டேன். ஜெயித்ததும் என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அக்கா கழுவிவிட்டு வந்தார். வேறு விரலில் குத்தினேன்.

இருநூற்று எண்பத்து மூன்று.

சோப்பு சரியாகப் போடவில்லை என்றார் அக்கா. போய் மறுபடி கழுவினார். நகத்துக்குள்ளெல்லாம் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தேன். துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு விரலை நீட்டினார். இருநூற்று எண்பத்தாறு. மூன்றாம் தடவை குழாயடிக்குப் போனவர் கழுவவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். அப்போதுதான் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். காலையில் நிரப்பியது, பாதிதான் மிச்சம். கொஞ்ச நாளாகக் கண் மங்குகிறது என்று ஆர்டர் சீட்டை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறாரே, அதுவும் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் என் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எதிரில் இருப்பவரைப் பார்க்கத் தோன்றவில்லை.

அக்கா குழாயை மூடினார். குழாய் மேலிருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"நான் இன்னிக்கு இனிப்பு ஒண்ணும் தொடலடி, பூக்காரி."

இத்தனை வாரமாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. பஸ்ஸில் யோசித்து வைத்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. மேஜைகூட மறந்துபோயிற்று.

"தெரியும்க்கா. நான் நம்புறேன்," என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த மிஷினை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது, நாளைக் காலை ஒன்றும் சாப்பிடாமல் லேபுக்குப் போகலாம், எனக்கும் மூன்று மாத டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கிறது, சேர்ந்தே போகலாம் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பயமாக இருக்கிறது என்றார். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான் இருந்தது என்றேன். அப்புறம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன், அதிலிருந்து பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது என்றேன். அது எப்படி வேடிக்கை என்று கேட்டார். உருளைக்கிழங்கின் கதையைச் சொன்னேன்.

லேபில் இரண்டு பேரும் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் மூன்று மாதக் கணக்கு நன்றாகவே வந்தது. டாக்டரம்மா ஊசிப் பேச்சை எடுக்கவில்லை, பதினொரு மணிக் கதையைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். அக்காவுக்கு வந்தது நாங்கள் எதிர்பார்த்ததுதான். அவருக்கும் மாத்திரை, அவருக்கும் ஒரு மிஷின். திரும்பி வரும் வழியில் அழுதார். நான் கூடவே வந்தேன்.

மறுநாள் காலை கேஷில் போய் உட்காருவதா, உள்ளே போவதா என்று தெரியாமல் கடை வாசலில் தயங்கி நின்றேன். கேஷ் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். பூ மேஜைக்கென்று பார்த்து வைத்த ஆளை அக்கா அங்கே உட்கார வைத்துவிட்டாராம். பூ அறைக் கதவைத் திறந்தேன். என் மேஜையில் கம்பிகளும் கத்திகளும் நான் வைத்தபடியே இருந்தன. கதவோரம் மட்டும் ஒரு முக்காலி புதிதாக முளைத்திருந்தது. அதன் மேல் ஒரு பேசின், ஒரு குவளைத் தண்ணீர், ஒரு சோப்பு, மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துண்டு. தண்ணீரே நுழையக் கூடாது என்று சட்டம் போட்டவர் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தது.

பதினொரு மணிக்கு அக்கா வந்தார். பேசினில் முதலில் நான் கழுவினேன், அப்புறம் அவர் கழுவினார். ஒரே துண்டில் துடைத்துக்கொண்டோம். எனக்கு நூற்று இருபத்தெட்டு. அவர் முறை வந்ததும் விரலை நீட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்ன காட்டுகிறது என்று என்னைக் கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். முட்டையும் பீன்ஸும், அப்புறம் கடை வரைக்கும் நடந்தே வந்தேன் என்றார். அப்படியென்றால் நீங்களே பாருங்கள், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கும் தெரிய வேண்டும் என்றேன்.

அக்கா ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.